வாங்கி மூன்று வாரமான பழைய டிராவலர் கேம்பர்: மலை ஏறினால் முள் சிவப்புக்குப் போகிறது, முதலில் எதைப் பார்ப்பது?

ஆழியாறு_வழி:

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்னால் 2012 மாடல் டெம்போ டிராவலர் ஒன்று வாங்கினேன். 12 சீட்டராக ஓடிய வண்டி, முன்பு வைத்திருந்தவர் கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறார். பின்னால் கட்டில், வலது பக்கம் முழுக்கச் சமையல் மேடை, அதற்குக் கீழே 120 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், கட்டிலுக்கு அடியில் 150 ஏஎச் பேட்டரி, கூரையில் இரண்டு சோலார் பலகை. ஓடியது 1,86,000 கி.மீ. கடைசி ஒன்றரை வருடம் பெரும்பாலும் ஷெட்டில்தான் நின்றிருக்கிறது. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்துக்கொண்டு வரலாமே என்றுதான் சேமிப்பையெல்லாம் போட்டு இதை வாங்கினேன். அதனால் இது பழுதாகி நின்றால் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

போன ஞாயிறு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற்றினேன். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை வருவதற்குள்ளேயே டெம்பரேச்சர் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டுவிட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஓரம்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஏசி இல்லாமல் இரண்டாவது கியரிலேயே மெதுவாக ஏறிவிட்டோம். ஆனால் பொள்ளாச்சி, உடுமலை என்று சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் முள் நடுவில்தான் நிற்கிறது.

இது போக, காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வந்து கண் எரிகிறது, அப்புறம் சுத்தமாகிவிடுகிறது. இரண்டு ராத்திரி போர்டிகோவில் நிறுத்தினால் மூன்றாம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான். 60லிருந்து 70க்குள் ஒரு அதிர்வு வருகிறது, 80ஐத் தாண்டினால் போய்விடுகிறது. பிரேக் மிதிக்காதபோதும் வண்டி லேசாக இடது பக்கம் ஒதுங்குகிறது, அலைன்மென்ட் பார்த்தும் சரியாகவில்லை.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து புகையைப் பார்த்தவுடனே "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, இன்ஜின் இறக்கணும், 70,000 ஆகும்" என்றார். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடாம் அது. வேறு எதையும் அவர் சோதிக்கவில்லை. அவரிடமே வேலைக்கு விட்டுவிடலாமா, இல்லை முதலில் நானே ஏதாவது பார்க்க முடியுமா? ஸ்பானர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது.

சங்ககிரி_பட்டறை:

தம்பி, இப்போதைக்கு இன்ஜினில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்தவன் சொல்கிறேன். ஹெட் கேஸ்கெட் போயிருக்கவும் கூடும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் போயிருக்கிறது என்று சொல்வதற்கு நான்கு அடையாளம் உண்டு, நான்கையும் செலவில்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம்.

காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள் (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, முகம் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்). முதலில் ஒன்றிரண்டு குமிழி வரும், அது உள்ளே தங்கியிருந்த காற்று. ஐந்து நிமிடம் கழித்தும் ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் அது இன்ஜின் சிலிண்டருக்குள் எரிந்த வாயு. அடுத்து, மூடியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுகிறதா என்று அமுக்கிப் பாருங்கள். டிப் ஸ்டிக்கையும் ஆயில் ஊற்றும் மூடியையும் கழற்றி, ஆயில் மோர் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, எங்கேயும் வெளியே ஒழுகாமல் கூலன்ட் தினமும் குறைகிறதா என்பது. கூலன்ட் தொட்டியில் பேனாவால் கோடு போட்டு ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் நல்ல பட்டறைகளில் நீல நிறத் திரவம் போட்ட ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் நிறம் மாறும். அதையும் பார்க்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

வெள்ளைப் புகையைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. கண் எரிகிறது என்கிறீர்கள், இரண்டு நிமிடத்தில் நிற்கிறது என்கிறீர்கள். அது எரியாமல் வெளியே வரும் டீசல். கூலன்ட் எரிந்தால் வாசனை ஒரு மாதிரி இனிப்பாக இருக்கும், சூடானபிறகும் வரும். குளிர்ந்த இன்ஜினில் மட்டும் வந்தால் கிளோ பிளக்கைத்தான் (குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உள்ளே சூடேற்றும் பிளக்) முதலில் சந்தேகப்பட வேண்டும். வயரைக் கழற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் பக்கம், அதற்கும் குறைவாகக்கூடக் காட்டும். முள்ளே அசையாமல் நின்றால் அந்தப் பிளக் செத்துவிட்டது. பிளக் எல்லாம் நல்லது என்றால் அடுத்து ரிலே. அதுவும் சரியென்றால் டீசல் லைனில் எங்கேயோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். வண்டி ஒன்றரை வருடம் நின்றதென்றால் ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு டம்ளரில் வடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் தனியாக நிற்கும்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். சமவெளியில் 60இல் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடுகிறது. மலையில் நீங்கள் 15, 20இல் இரண்டாவது கியரில் போகிறீர்கள், இன்ஜின் முழு வேலை செய்கிறது, காற்றோ கிடையாது. அங்கே ஃபேன்தான் எல்லாம். விஸ்கஸ் ஃபேன் (சூடானால் உள்ளே இருக்கும் ஆயில் பிடித்து வேகமாகச் சுற்றும் வகை) என்றால், நன்றாகச் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். பிடித்துக்கொண்டு கனமாகத் திரும்ப வேண்டும். காற்றாடி மாதிரி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் உள்ளே இருந்த சிலிகான் ஆயில் ஒழுகிப்போய்விட்டது. பெல்ட் பளபளவென்று இறுகிப்போய் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் ஏசி கண்டென்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி வலை) ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்து. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாக இருக்கும், நடுவில் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். உள் அடைப்பு வேறு கதை: நம் ஊரில் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்க்குள் உப்புப் படிந்துவிடும். தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் துப்பாக்கி மாதிரி ஒரு மீட்டர் கிடைக்கிறது, அதை ரேடியேட்டர் மேல் கட்டம் கட்டமாகக் காட்டினால் அடைத்த இடம் மட்டும் ஜில்லென்று இருக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள். சின்னப் பொருள்தான், ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்கு அது முக்கியம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால்தான் கொதிநிலை இருபது டிகிரிக்கு மேல் ஏறும். ரப்பர் வெடித்த மூடி கீழே ஒன்றும் காட்டிக்கொடுக்காது, மேலே போனதும் தண்ணீரைத் துப்பும்.

ஒரே ஒரு வேண்டுகோள். "தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடலாம், சூடே ஆகாது" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அது தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு. சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் வழி திறந்தே இருக்கும், தண்ணீர் ரேடியேட்டருக்கே முழுதாகப் போகாது, இன்னும் சூடாகும். சந்தேகமாக இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்துச் சுடுதண்ணீரில் போட்டு எப்போது திறக்கிறது என்று பாருங்கள், அதன் மேலேயே டிகிரி அடித்திருக்கும்.

வயரிங்_திருச்சி:

அண்ணன் சொன்னது எல்லாம் செய்யுங்கள். கூடவே ஒன்று கேட்கிறேன்: முள் மேலே இருக்கும்போது ஹெட்லைட்டும் ஏசி புளோயரும் ஆஃப் செய்தால் முள் உடனே, அதாவது ஒன்றிரண்டு நொடிக்குள் கொஞ்சம் இறங்குகிறதா? தண்ணீர் அவ்வளவு வேகமாக ஆறவே ஆறாது. இறங்கினால் உங்கள் முள் முழு உண்மையைச் சொல்லவில்லை, எர்த் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) கெட்டிருக்கிறது.

எப்படி என்றால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கிறது, லைட்டும் புளோயரும் பாடியில் எர்த் ஆகின்றன. அந்த ஓட்டம் திரும்பி வர பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு தடித்த பட்டை இருக்கும். அது துருப்பிடித்தால் இன்ஜின் பிளாக் பாடியைவிட அரை வோல்ட், ஒரு வோல்ட் கீழே போய்விடும். டெம்பரேச்சர் சென்சாருக்கு எர்த் அந்த பிளாக்தான், அதனால் மீட்டர் இருப்பதைவிட அதிகம் காட்டும். சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓட, லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பிளாக்கிலும் இன்னொன்றைப் பேட்டரி மைனஸிலும் வையுங்கள், அப்புறம் பாடிக்கும் மைனஸுக்கும் வையுங்கள். 0.1, 0.2 வந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பட்டையைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள், நைந்திருந்தால் புதிது போடுங்கள். செல்ஃப் சோம்பலாகச் சுற்றுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

பேட்டரி இறங்குவதற்கு முதலில் மூன்று அளவு எடுங்கள். ராத்திரி முழுக்க நின்றபின் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். வண்டி ஓடும்போது 13.8இலிருந்து 14.4க்குள் இருந்தால் ஆல்டர்நேட்டர் நல்லது. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது, அல்லது சார்ஜே இல்லை. அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் எங்கேயோ குடிக்கிறது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினால் எது என்று தெரிந்துவிடும். மீட்டர் ஆம்பியரில் இருக்கும்போது மட்டும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் எரிந்துவிடும்.

கேம்பர் வண்டிகளில் நான் பார்த்தவரை குற்றவாளி வண்டியின் பழைய வயரிங் அல்ல, பிறகு சேர்த்ததுதான். ஒரு இன்வெர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர் எடுக்கும். ஒரு ஆம்பியர் என்றால் இரண்டு நாளில் 48 ஏஎச் போயிற்று. ஃபிரிட்ஜ் அதற்கு மேல். போர்டிகோவுக்குள் நிறுத்துகிறீர்கள், சோலாரும் ஒன்றும் தராது. 150 ஏஎச் பேட்டரிக்கும் ஸ்டார்ட்டிங் பேட்டரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ரிலே இருக்கிறதா, ஃபியூஸ் இருக்கிறதா, வெறும் வயர்தானா? இதை அவசரமாகப் பாருங்கள், காரணம் அப்புறம் சொல்கிறேன்.

ஆழியாறு_வழி:

இருவருக்கும் நன்றி. ராத்திரியே கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். பெரிய பேட்டரி சாதாரண டியூபுலர், தண்ணீர் ஊற்றும் வகை. அதன் பிளஸ்ஸிலிருந்து ஒரு தடித்த சிவப்பு வயர் நேராக முன்னால் ஸ்டார்ட்டிங் பேட்டரிக்குப் போகிறது. ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. தரைத் தகட்டில் துளை போட்டு விட்டிருக்கிறார்கள், துளையில் ரப்பர்கூட இல்லை.

வயரிங்_திருச்சி:

அந்த வயரை இன்றைக்கே இரண்டு முனையிலும் கழற்றி முனையில் டேப் சுற்றி வையுங்கள். தகடு உரசி அந்த வயர் ஒரு இடத்தில் தோல் உரிந்தால் இரண்டு பேட்டரியின் முழு சக்தியும் அதில் பாயும், அணைக்க எந்த ஃபியூஸும் இல்லை, மேலே அப்பா படுத்திருப்பார். நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, இப்படி எரிந்த வண்டியின் வயரை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

திரும்பப் போடும்போது ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ், நடுவில் ஒரு வோல்டேஜ் ரிலே. இன்ஜின் ஓடி 13.3 வாக்கில் வந்தால்தான் அது சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். ஃபிரிட்ஜ் எவ்வளவு குடித்தாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரி தப்பிக்கும். துளைகளில் ரப்பர் வளையம் போடுங்கள். இன்னொன்று, தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். தூங்கும் கட்டிலுக்கு அடியில் அது கூடாது. மூடிய பெட்டிக்குள் வைத்து வெளியே ஒரு குழாய் விடுங்கள், முடிந்தால் மூடிய வகைப் பேட்டரிக்கு மாறுங்கள். பின்னாளில் லித்தியம் போட நினைத்தால் நேராக ஆல்டர்நேட்டரில் கொடுக்காதீர்கள், அது இழுக்கும் ஆம்பியரில் ஆல்டர்நேட்டர் காய்ந்து கருகும், நடுவில் டிசி டு டிசி சார்ஜர் வேண்டும்.

வீடும்_வண்டியும்:

நானும் என் வீட்டுக்காரரும் நான்கு வருடமாக இதே மாதிரி டிராவலர் கேம்பர் வைத்திருக்கிறோம், கொல்லிமலையின் 70 வளைவும் அதில் ஏறியிருக்கிறோம். எங்களுக்கும் முதல் வருடம் இதே சூட்டுப் பிரச்சினை. ரேடியேட்டர் மாற்றினோம், வாட்டர் பம்ப் மாற்றினோம், சரியாகவில்லை. காரணம் கடைசியில் இன்ஜின் பக்கமே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்கு வெளியே லாரி எடை மேடை இருக்கும், அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள். நூறு ரூபாய்க்குள்தான் வாங்குவார்கள். தொட்டி நிறையத் தண்ணீர், சிலிண்டர், துணிமணி என்று பயணம் போகிற மாதிரியே ஏற்றிக்கொண்டு போங்கள். முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் மேடையில், பின் சக்கரம் மட்டும் மேடையில், பிறகு முடிந்தால் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும். ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு என்று போட்டிருக்கும், அதோடு ஒப்பிடுங்கள். உங்கள் தண்ணீர் மட்டுமே 120 கிலோ. பிளைவுட் எவ்வளவு கனம் என்று ஆசாரிகளுக்குத் தெரியும், வண்டிக்குள் போடும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் வண்டி 300 கிலோவுக்கு மேல் கூடுதலாக இருந்தது. அந்த எடையை மலையில் இழுத்தால் நல்ல ரேடியேட்டரும் திணறத்தான் செய்யும். சமையல் மேடை, தொட்டி, சிலிண்டர் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கக் கமான் பட்டையும் (ஸ்பிரிங்) உட்கார்ந்துவிடும். சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கர வளைவுக்கும் தரைக்கும் இடையே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இரண்டாவது, இடது பக்கம் ஒதுங்குகிறது என்கிறீர்களே, எடை வலது பக்கம் இருக்க வண்டி இடது பக்கம் போனால் நான் பிரேக்கைச் சந்தேகப்படுவேன். ஒன்றரை வருடம் ஹேண்ட் பிரேக் போட்டே நின்ற வண்டி. கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கும், அல்லது பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரோ கேலிப்பரோ இறுகியிருக்கும். பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, மேலே அண்ணா சொன்ன அதே வெப்பத் துப்பாக்கியை நான்கு சக்கரத்திலும் காட்டுங்கள். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். பிரேக் பிடித்தபடி மலை ஏறுவது இன்னொரு வண்டியைக் கட்டி இழுப்பது மாதிரி, இன்ஜின் சூடாவதில் அதற்கும் பங்கு உண்டு. மைலேஜ் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை, குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் இறக்கத்தில் சூடாகி ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரைச் சோதிக்க இன்ஜினை அணைத்து ஐந்தாறு தடவை பெடலை மிதியுங்கள், கல்லாகிவிடும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெடல் ஒரு விரற்கடை இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வேக்கம் பம்ப் அல்லது ஹோஸ். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

மெக்கானிக் விஷயம் இல்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. சமையல் சிலிண்டர் இருக்கும் பெட்டியில் தரை ஓரம் காற்றுத் துளை இருக்கிறதா பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருந்து பயனில்லை. ஆர்சியில் வண்டி மாற்றம் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி மாற்றத்துக்கு ஆர்டிஓ ஒப்புதல் வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸில் இழுபறி ஆகும்.

சங்ககிரி_பட்டறை:

அம்மா சொன்ன பிரேக் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, சரியான பாயிண்ட். அதிர்வைப் பற்றி நான் எழுதாமல் விட்டுவிட்டேன். 65இல் அதிர்வு வரும்போது ஆள் இல்லாத நேரான ரோட்டில் கிளட்சை மிதித்து இன்ஜின் வேகத்தை இறக்குங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் இன்ஜின் தப்பித்தது, சக்கரமோ, பின் சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டோதான். கை நடுங்கினால் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின்பக்கம். முன்னும் பின்னும் எடுக்கும்போது அடியில் "டக்" என்று கேட்டால் ஷாஃப்டின் மூட்டான யுஜே கிராஸ் அல்லது அதைத் தாங்கும் சென்டர் பேரிங். ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் டயரைப் பாருங்கள். நின்ற வண்டியின் டயர் ஒரே இடத்தில் சப்பிப்போயிருக்கும். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

இந்த இன்ஜின் மூலத்தில் பென்ஸின் ஓஎம்616, நம் ஊரில் எத்தனையோ வருடமாக ஓடுகிறது, சின்ன ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். நிதானமாகப் பாருங்கள்.

ஆழியாறு_வழி:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடிந்தது.

ஹெட் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. குமிழி இல்லை, ஆயில் சுத்தம், பேனாக் கோட்டிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை, கோவையில் ஒரு பட்டறையில் நீலத் திரவம் வைத்துப் பார்த்தார்கள், நீலமாகவே இருந்தது. கிளோ பிளக்கில் இரண்டு செத்திருந்தன, நான்கையும் மாற்றினேன், காலைப் புகை நின்றுவிட்டது. டீசல் ஃபில்டரில் கால் டம்ளர் தண்ணீர் வந்தது.

கண்டென்சருக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் துளிகூடத் தெரியவில்லை. கழற்றினால் தூசியும் பஞ்சும் சேர்ந்து ஒரு மெத்தை மாதிரி உரிந்து வந்தது. முன்பு வைத்திருந்தவர் ஷெட் பஞ்சு மில் பக்கத்தில் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. விஸ்கஸ் ஃபேன் சரியாகவே பிடிக்கிறது, அதைத் தொடவில்லை. எர்த் பட்டையில் 0.7 வோல்ட் இழந்துகொண்டிருந்தது, பச்சை பூத்திருந்தது. புதிது போட்டதும் அதே சூட்டில் முள் ஒரு கோடு கீழே காட்டுகிறது.

இடது பின் சக்கரம் 118 டிகிரி, மற்ற மூன்றும் 50க்கும் 60க்கும் நடுவில். ஹேண்ட் பிரேக் கேபிள்தான், உறைக்குள்ளேயே இறுகிவிட்டது. லைனிங் பளபளவென்று எரிந்திருந்தது, இரண்டு பக்கமும் மாற்றி ஆயிலும் மாற்றினேன். இப்போது ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தாலும் நேராகப் போகிறது. மைலேஜ் 8இல் இருந்தது, இப்போது 10 வருகிறது.

எடை மேடையில் ஆர்சி அளவைவிட 240 கிலோ அதிகம், வலது பக்கம் மட்டும் 170 கிலோ கூடுதல். தொட்டியை எடுத்துவிட்டு 50 லிட்டர் தொட்டியை இடது பக்கம் கட்டிலுக்கு அடியில் வைக்கப்போகிறேன், மேல் அலமாரி இரண்டை ஏற்கெனவே கழற்றிவிட்டேன். சிவப்பு வயர் போய்விட்டது, ரிலேயும் ஃபியூஸும் போட்டு, மூடிய வகைப் பேட்டரி வாங்கியிருக்கிறேன். மூன்று ராத்திரி நிறுத்திப் பார்த்தேன், ஸ்டார்ட்டிங் பேட்டரி 12.5.

அதிர்வுக்கு, கிளட்ச் மிதித்தும் போகவில்லை, சீட்தான் நடுங்கியது. ஷாஃப்ட் என்றே நினைத்தேன், ஆனாலும் நீங்கள் சொன்னபடி முதலில் டயரை மாற்றிப் பார்த்தேன். பின் டயர்களை முன்னுக்குப் போட்டதும் நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வந்துவிட்டது. எண் 2216. இரண்டு புது டயருக்குச் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வரும்.

நேற்று காலை நான் மட்டும் தனியாக ஆழியாறிலிருந்து ஏறினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. லோம்ஸ் வியூவில் முள் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, வால்பாறை வரை அதற்கு மேல் போகவில்லை. டயர் மாட்டியதும் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறேன்.

சங்ககிரி_பட்டறை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒரு தடவை இறுக்கிவிட்டு, அப்புறம் அப்பாவை ஏற்றுங்கள்.